மைக் பிடித்தவரும் துண்டுச் சீட்டும்: அதிகாரம் மனிதரை எப்படிக் கெடுக்கிறது?

அதிகாரத்தைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் ஐந்தாவது நிமிடத்தில் ஒரு வரி வந்து விழும்: அதிகாரம் கெடுக்கும், முழு அதிகாரம் முழுசாகக் கெடுக்கும். எல்லோரும் தலையை ஆட்டுவார்கள், பேச்சு அத்தோடு முடிந்துவிடும். கெடுக்கும் என்றால் என்ன, எந்த வழியில் கெடுக்கும், எல்லோரையுமா என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. அதிகாரம் என்னவோ ஒரு விஷம் போலவும், நாற்காலியில் உட்கார்ந்த உடனே அது ரத்தத்தில் ஏறிவிடும் என்பது போலவும்தான் நாம் பேசுகிறோம். அந்த விஷக் கதையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். முன்கூட்டி எதுவும் படித்திருக்கத் தேவையில்லை.

அந்த வரி எங்கிருந்து வந்தது

1887 ஏப்ரலில் ஆக்டன் பிரபு என்ற ஆங்கிலேய வரலாற்றாளர், மேண்டல் கிரைட்டன் என்ற இன்னொரு வரலாற்றாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். கிரைட்டன் போப்பாண்டவர்களின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தவர். அதில் பழைய போப்புகள் செய்த கொடுமைகளை அவர் ரொம்ப மென்மையாகத் தொட்டுவிட்டுப் போகிறார் என்பது ஆக்டனின் கோபம். இதில் வேடிக்கை, ஆக்டன்தான் கத்தோலிக்கர், கிரைட்டன் போப்பின் தலைமையை ஏற்காத ஆங்கிலிக்கன் சபையின் பாதிரியார். ராஜாவும் போப்பும் தப்பே செய்திருக்க மாட்டார்கள் என்று ஒரு சலுகையோடு தொடங்காதீர்கள், மற்ற மனிதர்களைப் போலவே எடை போடுங்கள், சொல்லப்போனால் இன்னும் கறாராகவே போடுங்கள் என்று வாதாடும் இடத்தில்தான் அந்த வரி வருகிறது.

அந்த வரியின் முதல் பாதியில் ஆக்டன் எழுதியது 'கெடுக்கும்' என்று அல்ல, 'கெடுக்கும் போக்குடையது' என்று. இந்தப் 'போக்கு' என்ற சொல் கைமாறிக் கைமாறி வரும்போது எங்கோ உதிர்ந்துபோனது. ஈரமான இடத்தில் இரும்பு துருப்பிடிக்கும் போக்குடையது என்றால், சும்மா விட்டால் துருப்பிடிக்கும், பூச்சுப் பூசினால் தள்ளிப்போகும் என்று புரிந்துகொள்கிறோம் இல்லையா, அதே மாதிரிதான் இதையும் படிக்க வேண்டும்.

தமிழில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. இந்த வரியைப் பலர் 'அதிகாரம் ஊழலை உண்டாக்கும்' என்று மொழிபெயர்க்கிறார்கள். இன்றைக்கு ஊழல் என்றாலே நமக்கு லஞ்சம், கமிஷன், பெட்டி பெட்டியாகப் பணம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தச் சொல்லின் பழைய பொருள் பதம் கெட்டுப்போவது, அழுகுவது. அந்தப் பழைய பொருளே இங்கே சரியாகப் பொருந்தும், ஏனென்றால் ஒரு பைசா லஞ்சம் வாங்காமலேயே ஒருவர் அதிகாரத்தால் நன்றாகக் கெட்டுப்போக முடியும்.

சரி, மைக்கை எடுத்துக்கொள்வோம்

ஒரு விழா மேடை. பேச ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். பேச்சாளர் நல்லவர், படித்தவர், நேரத்தின் அருமையைப் பற்றியே கூடப் பேசக்கூடியவர். மைக்கைப் பிடித்தபின் இருபது நிமிடம் ஆகிறது, முப்பதாகிறது. கீழே ஒருவர் கொட்டாவி விடுகிறார், ஒரு குழந்தை அழுகிறது. அவர் குரல் மட்டும் அரங்கம் முழுக்கக் கேட்கிறது, மற்றவர்களின் முணுமுணுப்பு அவர் காதுக்கு எட்டுவதில்லை. சுவாரசியமாகப் போகிறது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் யாரோ ஒருவர் மெதுவாக மேடை ஏறி ஒரு துண்டுச் சீட்டை நீட்டுகிறார்: 'நேரம் முடிந்துவிட்டது'.

அதிகாரத்தைப் புரிந்துகொள்ளத் தேவையான பாதி விஷயம் இந்தக் காட்சியிலேயே இருக்கிறது. மைக் அவரை வேறு மனிதராக மாற்றவில்லை. அவர் பக்கம் திரும்பி வரும் சத்தத்தை அது அமுக்கிவிட்டது, அவ்வளவுதான். இதே மனிதர் நாலு பேரோடு நின்று பேசினால் இரண்டாவது நிமிடமே எதிரில் நிற்பவரின் முகம் பார்த்து நிறுத்தியிருப்பார். நாம் எல்லோரும் ஒழுங்காக நடந்துகொள்வதில் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது. அடுத்தவரின் முகச்சுளிப்பு, தோழியின் 'இது உனக்கே ஓவரா தெரியலையா?', அம்மாவின் மௌனம் என்று நாள் முழுக்க நம்மைச் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். அது நடப்பதே நமக்குத் தெரிவதில்லை. நம் நல்ல குணம் முழுக்க நம்முடையது என்று நினைத்துக்கொள்கிறோம்.

இந்த இடத்தில் இரண்டு சொற்களை வரையறுத்துக்கொள்ளலாம். அதிகாரம் என்பது, இன்னொருவருக்கு வேண்டியதைக் கொடுக்கவோ மறுக்கவோ முடிகிற நிலை. அது சம்பளமாக இருக்கலாம், அனுமதியாக, மதிப்பெண்ணாக, பாதுகாப்பாக, வீட்டில் டிவி ரிமோட்டாகக்கூட இருக்கலாம். நெறிச்சிதைவு என்பது, முன்பு தவறு என்று தனக்கே பட்ட ஒன்றைச் செய்யும்போது இப்போது உறுத்தாமல் போவது. திருடன் எல்லோரும் நெறி சிதைந்தவர் என்று சொல்லிவிட முடியாது, சிலருக்குத் திருடும்போதும் உறுத்தும். உறுத்தல் நின்றுபோன இடத்தைத்தான் இந்தச் சொல் குறிக்கிறது.

உள்ளே நடக்கும் இரண்டு மாற்றங்கள்

முதலாவது, பிரேக் தளர்கிறது. டேச்சர் கெல்ட்னர் உள்ளிட்ட மூன்று உளவியலாளர்கள் 2003-இல் முன்வைத்த கருத்து இது. அதிகாரம் இல்லாதவர் எப்போதும் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது: மேலே இருப்பவர் என்ன நினைப்பார், இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று. அதிகாரம் வந்ததும் அந்தக் கவலை குறைகிறது. மனதில் பட்டதைச் சட்டென்று செய்ய முடிகிறது. அதிகாரம் கெட்ட ஆசையை மட்டும் அவிழ்த்து விடுவதில்லை. எந்த ஆசை இருந்ததோ அதை அவிழ்த்து விடுகிறது. அடுத்தவர் நலனில் ஏற்கெனவே அக்கறை உள்ளவர்களை அதிகாரத்தை நினைக்க வைத்துச் சோதித்தபோது, அவர்கள் கூடுதல் பொறுப்போடு நடந்துகொண்டதைக் காட்டும் ஆய்வுகளும் உண்டு. 2012-இல் வந்த ஓர் ஆய்வில், ஒழுக்கம் தன் அடையாளத்தின் முக்கியப் பகுதி என்று கருதாதவர்கள் அதிகார மனநிலையில் பொதுச் சேமிப்பிலிருந்து அதிகம் எடுத்துக்கொண்டார்கள், அப்படிக் கருதியவர்கள் குறைவாகவே எடுத்தார்கள்.

இரண்டாவது, அடுத்தவர் இடத்திலிருந்து பார்ப்பது குறைகிறது. இதற்கு ஆடம் கலின்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் 2006-இல் வெளியிட்ட ஒரு சோதனை பிரபலம். சிலரைத் தாங்கள் அதிகாரத்தோடு இருந்த ஒரு சம்பவத்தை நினைத்து எழுதச் சொன்னார்கள், வேறு சிலரை மற்றவர் அதிகாரத்துக்குக் கீழ் இருந்த சம்பவத்தை. அப்புறம் தங்கள் நெற்றியிலேயே 'இ' என்ற ஆங்கில எழுத்தை வரையச் சொன்னார்கள். எதிரில் இருப்பவர் படிக்கும்படியும் வரையலாம், தனக்குச் சரியாகவும் எதிரில் இருப்பவருக்குத் திருப்பியும் தெரியும்படியும் வரையலாம். அதிகாரத்தை நினைத்தவர்கள் தனக்குச் சரியாக வரைந்தது மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இப்படி ஒரு நினைவைத் தூண்டிவிட்டு உடனே அளக்கும் சோதனைகள் பலவற்றைத் திரும்பச் செய்தபோது அதே முடிவு வரவில்லை என்ற சர்ச்சை உளவியலில் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் நெற்றி எழுத்து ஒரு நல்ல படம், அதன் மேல் வீடு கட்ட வேண்டாம்.

இதுவரை: அதிகாரம் புதிதாக ஒரு கெட்ட குணத்தை ஊசி போட்டு ஏற்றுவதில்லை. பிரேக்கைத் தளர்த்துகிறது, எதிரில் இருப்பவரை மங்கலாக்குகிறது. இவை மட்டும் என்றால் பெரிய ஆபத்தில்லை, சீட்டு நீட்ட ஆள் இருக்கும் வரை.

சீட்டு நீட்டியவருக்கு என்ன ஆனது

துண்டுச் சீட்டு நீட்டுபவர்களுக்குத் தமிழில் அருமையான பழைய பெயர் இருக்கிறது: இடித்துரைப்பவர். தவறு செய்யும்போது முகத்துக்கு நேரே சொல்கிறவர். அதிகாரத்தில் இருப்பவர் கெட்டுப்போகும் கதைகளில் நான் முதலில் தேடுவது அவருடைய குணத்தை அல்ல, இடித்துரைத்தவருக்குக் கடைசியில் என்ன நேர்ந்தது என்பதைத்தான்.

1958-இல் மாவோ சீனாவில் 'பெரும் பாய்ச்சல்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். விவசாயத்திலும் தொழிலிலும் ஒரே தாவலில் முன்னேறிவிட வேண்டும் என்பது கனவு. கீழே இருந்த அதிகாரிகள் போட்டி போட்டுக்கொண்டு, விளையாத விளைச்சலை விளைந்ததாகக் கணக்கு எழுதி அனுப்பினார்கள். குறைவாக எழுதினால் ஆர்வமில்லாதவன் என்ற பெயர் வரும், பெயர் வந்தால் அப்புறம் தலைக்கே ஆபத்து. அந்தப் பொய்க் கணக்கை வைத்து அரசு தன் பங்குத் தானியத்தை எடுத்துக்கொண்டது, கிராமங்களில் சாப்பிட மிச்சம் இல்லாமல் போனது.

1959 ஜூலையில் லூஷான் என்ற மலைப்பகுதியில் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்கள் கூடினார்கள். பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய், கொரியப் போரில் சீனப் படையை நடத்தியவர், மாவோவுக்குத் தனிப்பட்ட முறையில் ஒரு கடிதம் கொடுத்தார். மரியாதையான கடிதம்தான். திட்டத்தின் சாதனைகளையும் சொல்லி, கணக்குகள் மிகைப்படுத்தப்படுகின்றன, தவறுகள் நடக்கின்றன என்றும் சொன்னது. நம் மேடைக் கணக்கில் அது ஒரு துண்டுச் சீட்டு. மாவோ அதைப் படியெடுத்து எல்லோருக்கும் விநியோகிக்கச் செய்து, அது கட்சி மேலான தாக்குதல் என்று திருப்பினார். பெங் பதவி இழந்தார். பெங்கைப் போல நினைப்பவர்களைக் களையெடுக்க நாடெங்கும் ஓர் இயக்கம் நடந்தது. அதுவரை தவறுகளைத் திருத்த ஆரம்பித்திருந்த அதிகாரிகளும் பயந்து பழைய வழிக்கே திரும்பினார்கள். பஞ்சம் 1961 வரை நீண்டது. செத்தவர்கள் ஒன்றரைக் கோடியிலிருந்து நாலரைக் கோடி வரை என்று வெவ்வேறு ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள்.

மாவோவுக்கு ஒன்றுமே தெரியாது, பாவம், சுற்றியிருந்தவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அது அதிகாரத்தில் இருப்பவர்களுக்குக் காலம் காலமாகக் கொடுக்கப்படும் சலுகை, ஆக்டன் எரிச்சல்பட்டதே அதற்குத்தான். உண்மையைச் சொன்னால் தண்டனை, பொய் சொன்னால் பாராட்டு என்ற ஏற்பாட்டைச் செய்தவரே அவர். தெரியாமல் போவதற்கான வழியைத் தானே கட்டிக்கொண்டவர் அந்தத் தெரியாமைக்கும் பொறுப்பு.

ராணுவமும் பஞ்சமும் இல்லாத இடத்திலும் இது நடக்கும். டீடரிக் ஸ்டாபல் நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தில் சமூக உளவியல் பேராசிரியர், புலத் தலைவராகவும் இருந்தவர். பல ஆண்டுகளாக ஆய்வுத் தரவுகளை உட்கார்ந்த இடத்திலேயே இட்டுக்கட்டி எழுதினார். 2011-இல் மாட்டிக்கொண்டார், ஐம்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. தரவுகளைத் தானே சேகரித்துவிட்டதாகச் சொல்லித் தயார் நிலையில் மாணவர்களிடம் கொடுப்பாராம். அவ்வளவு பெரிய ஆளிடம் போய் 'மூலத்தைக் காட்டுங்கள்' என்று யார் கேட்பது? கடைசியில் கேட்டவர்கள் மூன்று இளம் ஆய்வாளர்கள். அதிகாரம் எப்படி இரட்டை வேடத்தை வளர்க்கிறது என்ற 2010-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில், மற்றவர்களோடு சேர்த்து இவர் பெயரும் இருக்கிறது. விஷயம் தெரிந்திருந்தும் அது அவரைக் காப்பாற்றவில்லை.

என் சொந்தக் கதை இதில் பத்துப் பைசாவுக்குப் பெறாது, இருந்தாலும் சொல்கிறேன். ஒரு முறை சின்னக் குழு ஒன்றுக்குப் பொறுப்பாளரானேன். மூன்றாவது மாதம் என் ஜோக்குகள் எல்லாம் திடீரென்று நன்றாக இருக்க ஆரம்பித்தன. நகைச்சுவை உணர்வு வளர்ந்துவிட்டது என்றே நினைத்தேன். பொறுப்பு கைமாறிய அடுத்த வாரமே அந்தத் திறமை காணாமல் போய்விட்டது.

இதுவரை: கெடுதல் தலைவரின் தலைக்குள் மட்டும் நடப்பதில்லை, அவருக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான வழியில் நடக்கிறது. கீழிருந்து மேலே போகும் செய்தி வடிகட்டப்பட்டு, இனிப்பானது மட்டும் போய்ச் சேர்கிறது.

சென்ட் போட்டவருக்கு வாசனை தெரியாது

அப்படியென்றால் மனசாட்சி என்ன செய்துகொண்டிருக்கும்? பழகிக்கொண்டிருக்கும். காலையில் சென்ட் அடித்துக்கொண்டவருக்குக் கொஞ்ச நேரத்தில் அந்த வாசனை தெரியாமல் போய்விடும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தலை வலிக்கும். மூக்கு கெட்டுவிடவில்லை, மாறாமல் இருப்பதை அது கணக்கில் எடுப்பதில்லை.

சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட சோதனையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. உண்மையான பணத்தை வைத்து விளையாட்டு. 'தலைவர்' எல்லோருக்கும் நல்லது மாதிரி பங்கிடலாம், அல்லது மொத்தத்தைக் குறைத்தாலும் தனக்கு அதிகம் வரும்படி பங்கிடலாம். ஆட்டத்துக்கு முன் கேட்டபோது, பொறுப்பான தலைவர் அப்படிச் சுருட்டக் கூடாது என்றுதான் பெரும்பாலோர் சொன்னார்கள். பங்கு போடும் இடத்துக்கு வந்ததும் கை நீண்டது. கீழே ஆட்கள் அதிகமாக இருந்தவர்களின் கை இன்னும் நீண்டது. நேர்மையை அளக்கும் சோதனையில் அதிக மதிப்பெண் பெற்றிருந்தவர்கள் ஆரம்பத்தில் அடக்கமாகத்தான் எடுத்தார்கள். ஆட்டம் தொடரத் தொடர அவர்களும் மெல்ல இறங்கினார்கள். நல்லவர்களுக்கு வழி கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

இறங்குவதற்குப் படிக்கட்டாக இருப்பவை சாக்குகள். இத்தனை உழைக்கிறேன், இது எனக்கு உரியதுதான். நான் இல்லாவிட்டால் எல்லாம் சிதறிவிடும், அதனால் விதி எனக்குக் கொஞ்சம் வளையலாம். முந்தையவர் இதைவிட மோசம். ஒவ்வொரு படியும் முந்தைய படியிலிருந்து அரை அடிதான் கீழே இருக்கும், அதனால் எந்த இடத்திலும் விழுந்ததாகத் தோன்றாது.

எல்லோரும் சொல்லும் அந்தச் சிறைச் சோதனை

இந்தப் பேச்சில் தவறாமல் எட்டிப்பார்ப்பது 1971-இன் ஸ்டான்ஃபோர்ட் சிறைச் சோதனை. பிலிப் ஜிம்பார்டோ என்ற உளவியலாளர் மாணவர்களைச் சீட்டுக் குலுக்குவது மாதிரிப் பிரித்துப் பாதிப் பேரைக் காவலர், பாதிப் பேரைக் கைதி ஆக்கினார், காவலர்கள் கொடூரமானார்கள், இரண்டு வாரச் சோதனை ஆறே நாளில் நிறுத்தப்பட்டது. சாதாரணப் பையனுக்குச் சீருடை கொடுத்தால் மிருகமாகிவிடுவான் என்பதற்கு இதைத்தான் ஆதாரமாகக் காட்டுவார்கள்.

ஆனால் காவலர்கள் தாமாக மட்டும் அப்படி ஆகவில்லை, கறாராக இருக்கும்படி, சோதனையை நடத்தியவர்கள் தரப்பிலிருந்தே தூண்டப்பட்டார்கள் என்பது ஒலிப்பதிவுகளிலிருந்தும் ஆவணங்களிலிருந்தும் பின்னாளில் வெளிவந்தது. பிரிட்டனில் வேறு இரண்டு உளவியலாளர்கள் நடத்தி 2002-இல் ஒளிபரப்பான இதே மாதிரிச் சோதனையில், காவலர்கள் அதிகாரத்தைப் பயன்படுத்தவே தயங்கினார்கள், கைதிகள் ஒன்றுசேர்ந்து அந்த அமைப்பைக் கவிழ்த்துவிட்டார்கள்.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. 'சிறை வாழ்க்கை பற்றிய ஆய்வு' என்று விளம்பரம் கொடுத்தால் யார் வருவார்கள்? 2007-இல் இதைச் சோதித்தார்கள். சிறை என்ற சொல் இருந்த விளம்பரத்துக்கு வந்தவர்கள், அந்தச் சொல் இல்லாத விளம்பரத்துக்கு வந்தவர்களைவிட ஆக்ரோஷத்திலும் ஆதிக்க மனப்பான்மையிலும் அதிக மதிப்பெண் பெற்றார்கள். இதைச் சல்லடை விளைவு என்று வைத்துக்கொள்ளலாம்: பதவி ஆளைக் கெடுப்பது ஒரு பக்கம், ஏற்கெனவே ஒரு மாதிரியான ஆட்களைப் பதவி தன் பக்கம் இழுப்பது இன்னொரு பக்கம். ஒரு அதிகாரி மோசமாக நடந்துகொண்டால் இரண்டில் எது என்று வெளியிலிருந்து சொல்வது கஷ்டம், பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும்.

சின்ன அதிகாரம்தான் அதிகம் கடிக்கிறது

அதிகாரம் கூடக்கூடக் கெடுதலும் கூடும் என்பது பாதி உண்மை. பெரிய நாற்காலியில் இருப்பவர் கனிவாகப் பேசி அனுப்பிவிடுவார், வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பவர் உயிரை எடுத்துவிடுவார், இது எல்லோருக்கும் நடந்திருக்கும். இதைத் தொடும் ஆய்வு ஒன்று 2012-இல் வந்தது. அடுத்தவரை என்ன செய்யச் சொல்லலாம் என்று தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தைச் சிலருக்குக் கொடுத்தார்கள். பட்டியலில் நாய் மாதிரி மூன்று முறை குரை என்பது போன்ற அவமானங்களும் இருந்தன. அதிகாரமும் இருந்து, தங்கள் வேலையை யாரும் மதிக்கவில்லை என்றும் சொல்லப்பட்டவர்கள்தான் அவமானப்படுத்தும் வேலைகளை அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். அதிகாரமும் மதிப்பும் சேர்ந்து இருந்தவர்கள் அப்படிச் செய்யவில்லை. யாரும் தன்னை ஒரு ஆளாகவே பார்க்காத இடத்தில், கையில் இருக்கும் ஒரே ரப்பர் ஸ்டாம்ப்பை வைத்துத்தான் சிலர் ஆளாக நிற்கிறார்கள். இது அவர்களை நியாயப்படுத்தாது. ஆனால் அந்த ஜன்னலில் உங்கள் கோப்பு ஏன் நகரவில்லை என்பதை ஓரளவு விளக்கும்.

பூச்சு எப்படிப் பூசுவது: ரோமானியர்களின் முயற்சி

நல்லவராகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதும் என்ற வைத்தியம் ஏன் பாதியில் நின்றுவிடும் என்பது இப்போது புரிந்திருக்கும். ஆரம்பத்தில் நல்லவராக இருப்பது உதவும், ஆனால் எவ்வளவு நாளைக்கு என்பதுதான் கேள்வி. அதனால் பழைய காலத்திலிருந்தே சிலர் ஆளை விட்டுவிட்டு மைக்கைப் பற்றி யோசித்தார்கள்: ஒரே மைக்கை இருவர் கையில் கொடுப்பது, நேரம் குறிப்பது, அணைக்கும் ஸ்விட்சை வேறு இடத்தில் வைப்பது. அதிகாரப் பகிர்வு, பதவிக்கால வரம்பு, சுதந்திரமான நீதிமன்றம், தணிக்கை என்று நாம் சொல்வதெல்லாம் இவைதான்.

ரோமானியக் குடியரசு இதில் கெட்டிக்காரத்தனமானது. மிக உயர்ந்த பதவியான கான்சலில் எப்போதும் இரண்டு பேர், ஒரு வருடம்தான், ஒருவர் செய்வதை மற்றவர் தடுக்கலாம். போர் மாதிரி அவசரம் வந்தால் மட்டும் ஒரே ஆளைச் சர்வாதிகாரியாக நியமிப்பார்கள், அதுவும் அதிகபட்சம் ஆறு மாதத்துக்கு. பல நூற்றாண்டுகள் இந்த ஏற்பாடு ஓடியது. பிறகு கி.மு. 82-இல் சுல்லா என்ற தளபதி கால வரம்பே இல்லாமல் அந்தப் பதவியை எடுத்துக்கொண்டார். சில ஆண்டுகளில் தானாகவே விலகினார் என்பது உண்மை, ஆனால் வரம்பைத் தாண்டலாம் என்பதை எல்லோருக்கும் காட்டிவிட்டே போனார். கி.மு. 44-இன் தொடக்கத்தில் ஜூலியஸ் சீசர் ஆயுள் முழுவதற்குமான சர்வாதிகாரி ஆனார். அவரை இறக்கப் பதவிக்காலம் முடிவது, வாக்கெடுப்பு என்று எந்த வழியும் மிச்சம் வைக்கப்படவில்லை. மார்ச் 15 அன்று கத்தியோடு வந்தார்கள்.

அதே ஆண்டு சர்வாதிகாரி என்ற பதவியையே சட்டம் போட்டு ஒழித்தார்கள். சீசரின் சுவீகாரப் பிள்ளை அகஸ்டஸ் அந்தச் சட்டத்தை மீறவே இல்லை. கி.மு. 22-இல் மக்களே அந்தப் பதவியை அவரிடம் நீட்டியபோதும் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். படைகளில் பெரும்பகுதி அதற்கு முன்பே வேறு பெயர்களில் அவர் கையில் இருந்தது.